கட்டட மின்பொறியியல் வேலையில் நேரமும் குடும்பமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் கட்டடங்களின் மின்சாரத்தோடு வேலை செய்பவன் என்று தெரிந்ததும் உறவினர்களும் நண்பர்களின் பிள்ளைகளும் முதலில் சம்பளத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். அடுத்த கேள்வி நேரத்தைப் பற்றியது. இரவு வேலை உண்டா, தீபாவளிக்கு வீட்டில் இருக்க முடியுமா, கல்யாணத்துக்குப் பிறகு தாக்குப்பிடிக்குமா என்று கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். ஆலோசக நிறுவனம், கட்டுமானத் தளம், கட்டடப் பராமரிப்பு என்று மூன்று பக்கமும் வேலை பார்த்தவன் என்ற முறையில், கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

இந்தத் துறையில் இருப்பவர்களுக்குச் சொந்த வாழ்க்கையே இல்லை என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. எந்த இரவு விழிக்க வேண்டும், எந்த மாதம் திணறும் என்பதெல்லாம் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்துவிடுகிற வேலை இது. தெரிந்ததை அட்டவணையிலும் வேலை ஒப்பந்தத்திலும் எழுதி வாங்காமல் விடுவதால்தான் பாதிக் கஷ்டம் வருகிறது.

கட்டட மின்பொறியியல் என்றால் என்ன? வீட்டுக்கு வயர் இழுக்கும் வேலைதானே?

வயர் இழுப்பது அதில் ஒரு பகுதி. அது மதிப்புள்ள பகுதி. ஒரு பெரிய கட்டடத்துக்குத் தெனாகா நேஷனலின் மின்சாரம் வழக்கமாக 11 கிலோவோல்ட்டில் வந்து சேர்கிறது. மிகப் பெரிய கட்டடமென்றால் 33 கிலோவோல்ட்டிலும் வரலாம். அதை டிரான்ஸ்ஃபார்மர் 400 வோல்ட்டாகக் குறைக்கிறது. அங்கிருந்து பிரதான சுவிட்ச்போர்டு, மாடிகளுக்கு ஏறும் கேபிள்கள், ஒவ்வொரு மாடியின் விநியோகப் பெட்டி என்று பிரிந்து, கடைசியில் உங்கள் மேசைக்குப் பக்கத்திலுள்ள பிளக்கில் 230 வோல்ட்டாக நிற்கிறது. இதோடு ஜெனரேட்டர், யு.பி.எஸ்., இடிதாங்கி, எர்த், அவசர விளக்கு, தீ எச்சரிக்கை மணி ஆகியவையும் சேரும்.

எவ்வளவு சுமை வரும், எந்தக் கேபிள் தாங்கும், பழுது வந்தால் எந்த பிரேக்கர் முதலில் விழ வேண்டும் என்று கணக்கிடுபவர் பொறியியலாளர். அந்தக் கணக்கைச் சுவரிலும் கூரையிலும் நிஜமாக்குபவர் வயர்மேன். கட்டி முடித்த பிறகு அதைப் பாதுகாப்பாக இயக்குபவர் சார்ஜ்மேன். ஜார்ஜ்டவுனின் 65 மாடிக் கொம்தார் ஆனாலும் 118 மாடி மெர்டேக்கா கோபுரம் ஆனாலும் இந்த மூவரும் இல்லாமல் ஒரு விளக்கும் எரியாது.

இது அலுவலக வேலையா, வெயிலில் நிற்கும் வேலையா?

கட்டடத்தின் எந்தக் கட்டத்தில் நீங்கள் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முதலில் வரைவு: ஆலோசக நிறுவனத்தில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து வரைபடமும் கணக்கும் போடுவது. அடுத்தது கட்டுமானம்: குத்தகையாளரிடமோ மேம்பாட்டாளரிடமோ சேர்ந்து, தலைக்கவசம் அணிந்து தளத்தில் நிற்பது. மூன்றாவது இயக்கம்: முடிந்த கட்டடத்தை ஆண்டுக் கணக்கில் பார்த்துக்கொள்வது. பதவிப் பெயர் மூன்றிலும் மின்பொறியியலாளர்தான். ஆனால் நாள் போகும் விதம் முற்றிலும் வேறு. வேலை தேடும்போது பதவிப் பெயரைப் பார்ப்பதைவிட, இந்த மூன்றில் எது என்று பார்ப்பது முக்கியம்.

காலை எட்டரைக்குப் போய் மாலை ஐந்தரைக்குக் கிளம்ப முடியுமா?

வரைவுப் பக்கத்தில் பெரும்பாலான மாதங்களில் முடியும். டெண்டர் ஆவணங்கள் வெளியாகும் வாரத்திலும், நகராண்மைக்கும் தெனாகாவுக்கும் வரைபடம் சமர்ப்பிக்கும் வாரத்திலும் முடியாது. கட்டடக் கலைஞர் கடைசி நேரத்தில் சுவரை நகர்த்துவார். அதோடு சேர்த்து நாம் சுவிட்ச் ரூமையும் நகர்த்த வேண்டியிருக்கும்.

தளத்தில் சனிக்கிழமையும் வேலை நாள் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். கான்கிரீட் கொட்டும் முன் அதற்குள் போகும் குழாய்களையும் எர்த் இணைப்புகளையும் சரிபார்த்தாக வேண்டும். கொட்டிய பிறகு திருத்த வழியில்லை. ஆகவே கான்கிரீட் லாரி எந்த நேரத்துக்கு வருகிறதோ அதுதான் உங்கள் நேரம். மிகக் கடினமானவை கடைசி மாதங்கள். 2007 முதல் நடப்பில் இருக்கும் கட்டட நிறைவுச் சான்றிதழ் முறையில், தீயணைப்பு இலாகாவின் சோதனை, மின் இணைப்பு, லிஃப்ட் அனுமதி எல்லாம் முடிந்தால்தான் சாவி கைமாறும். அந்த மாதங்களில் குடும்ப நிகழ்ச்சி எதையும் நீங்கள் நடத்துவதாக ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று தயங்காமல் சொல்வேன்.

கட்டட இயக்கத்தில் அன்றாட நேரம் ஒழுங்கானது. அங்கே கேள்வி இரவுகளைப் பற்றியது.

மின்சாரத்தை நிறுத்திச் செய்யும் வேலையை ஏன் எப்போதும் நடு இரவிலும் பெருநாளிலும் வைக்கிறார்கள்?

ஆள் இருக்கும்போது கட்டடத்தின் மின்சாரத்தை நிறுத்த முடியாது. பேரங்காடி இரவு பத்து மணிக்குக் கதவடைத்த பிறகுதான் அதன் சுவிட்ச் ரூம் நம் கைக்கு வரும். காலையில் மீன் கடைக் குளிர்பெட்டிகள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த இடைவெளியில் 11 கிலோவோல்ட் சுவிட்ச்கியரைத் துடைத்து, காப்புத் தடையை அளந்து, பழுதைக் கண்டதும் பிரேக்கரை விழவைக்கும் ரிலேக்களைச் சோதித்து, டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் மாதிரி எடுத்து, எல்லாவற்றையும் திரும்ப இணைக்க வேண்டும். இந்தப் பராமரிப்பைத் தள்ளிப்போட்டால், மின்சாரம் அதுவாகவே நிற்கும் நாளை நம்மால் தேர்ந்தெடுக்க முடியாது.

பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையின் நிலை இன்னும் இறுக்கமானது. 1972இல் தொடங்கிய அந்த வட்டாரத்தில் பல ஆலைகள் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுகின்றன. நொடிப்பொழுது மின்னழுத்தம் சரிந்தாலும் உற்பத்தியில் இருக்கும் சில்லுகள் வீணாகிவிடும். அதனால் ஆண்டுப் பராமரிப்பைச் சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் போன்ற நீண்ட விடுமுறைகளில் வைக்கிறார்கள். இதைக் கொடுமை என்று நான் சொல்ல மாட்டேன். தேதி பல மாதங்களுக்கு முன்பே தெரிந்திருந்தும், வேலைக்கு யார் வருவது என்பதை முதல் நாள் மாலை வரை முடிவு செய்யாமல் வைத்திருப்பதுதான் கொடுமை.

என் மகன் தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் வீட்டில் இருப்பானா?

இருக்கலாம், அம்மா. மூவின மக்களும் சேர்ந்து வேலை செய்யும் குழுவில் பெருநாள் வேலை சுற்றி வரும். சீனப் புத்தாண்டில் நம்மவர்களும் மலாய் நண்பர்களும் நிற்பார்கள். தீபாவளியில் சீன, மலாய் நண்பர்கள் நிற்பார்கள். நோன்பு மாதத்தில் இரவு வேலை வந்தால், முஸ்லிம் நண்பர்கள் சஹூர் உண்பதற்கு நேரம் விட்டு அட்டவணை போடுவது நல்ல குழுவின் அடையாளம். நான் பார்த்தவரை இந்தப் பரிமாற்றம் நன்றாகவே நடக்கிறது.

ஆனால் அதை நல்லெண்ணத்தின் கையில் மட்டும் விட்டுவிடக் கூடாது. ஜனவரியிலேயே முழு ஆண்டுக்கான பெருநாள் அட்டவணையைப் பெயர்களோடு எழுதி ஒட்டச் சொல்ல வேண்டும். தைப்பூசம் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பொது விடுமுறை. எல்லா மாநிலங்களிலும் அப்படி இல்லை. வேறு மாநிலத்துத் தளத்துக்கு மகன் அனுப்பப்பட்டால் அங்கே அது வேலை நாளாக இருக்கக்கூடும். பத்துமலையிலோ தண்ணீர்மலையிலோ காவடி எடுக்க நேர்ந்திருந்தால், விரதம் தொடங்கும் முன்பே விடுப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். தீபாவளி மாலை வேலைக்குக் கூப்பிட்டால் போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அட்டவணையில் பெயர் இருந்தால் போக வேண்டும். இல்லையென்றால், இருப்பவரைக் கூப்பிடச் சொல்ல வேண்டும்.

கூடுதல் நேரத்துக்குப் பணம் உண்டா? சட்டம் என்ன சொல்கிறது?

1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டத்தில் செய்த திருத்தங்கள் 1.1.2023 முதல் நடப்புக்கு வந்தன. வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட் வரை வாங்குபவருக்குச் சட்டப்படி கூடுதல் நேர ஊதியம் உண்டு. சாதாரண வேலை நாளில் அது மணி ஊதியத்தின் ஒன்றரை மடங்கு. கூடுதல் நேரம் மாதத்துக்கு 104 மணியைத் தாண்டக் கூடாது.

சிக்கல் 4,000 ரிங்கிட்டைத் தாண்டும்போது வருகிறது. சம்பள உயர்வு கிடைத்த மகிழ்ச்சியில், கூடுதல் நேர ஊதியத்துக்கான சட்ட உரிமை போய்விட்டதைப் பலர் கவனிப்பதில்லை. 3,900 ரிங்கிட் வாங்கும்போது இரவு வேலைக்குப் பணம் வந்தது. 4,200 ஆனதும் அதே இரவு இலவசமாகிவிட்டது. அந்தப் பதவி உயர்வுக் கடிதத்தில் கையெழுத்திடும் முன், இரவு வேலைக்கு எவ்வளவு படி, எத்தனை நாள் மாற்று விடுப்பு, அந்த விடுப்பை எத்தனை மாதத்துக்குள் எடுக்க வேண்டும் என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள். கணக்கில் இருந்தும் எடுக்க முடியாத விடுப்பால் யாருக்கும் பயனில்லை.

வீட்டிலிருந்து வேலை செய்ய இந்தத் துறையில் வழியே இல்லையா?

உண்டு. மேலே சொன்ன அதே திருத்தம் நெகிழ்வான வேலை ஏற்பாட்டுக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்கும் வழியைத் தந்தது. வேலை நேரத்தை, வேலை நாளை அல்லது வேலை இடத்தை மாற்றக் கேட்கலாம். முதலாளி 60 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும்; மறுத்தால் காரணத்தையும் எழுத வேண்டும். கேட்கும் உரிமையைத்தான் சட்டம் தருகிறது, கேட்டது கிடைக்கும் என்ற உறுதியை அல்ல. அதனால் விண்ணப்பத்தை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

'வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய விரும்புகிறேன்' என்று ஒரு வரி எழுதினால் மறுப்பது எளிது. சுமைக் கணக்கு, ஒற்றைக்கோட்டு வரைபடம், விளக்கு வெளிச்சக் கணக்கு, முப்பரிமாண மாதிரியில் குழாயும் கேபிளும் மோதுகின்றனவா என்று பார்ப்பது, டெண்டர் ஒப்பீடு, குத்தகையாளர் அனுப்பிய ஆவணங்களைச் சரிபார்ப்பது ஆகியவற்றுக்குக் கட்டடம் தேவையில்லை. கேபிள் சோதனை, ஜெனரேட்டர் ஓட்டம், சுவிட்ச் இயக்கம் ஆகியவற்றுக்கு நேரில் இருந்தே தீர வேண்டும். உங்கள் வேலையை இப்படி இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். செவ்வாயும் வியாழனும் முதல் வகையை வீட்டில் செய்வேன், தளக் கூட்டம் புதன் என்பதால் அன்று தளத்தில் இருப்பேன், அவசரமென்றால் இத்தனை மணிக்குள் வந்து சேர்வேன் என்று சொல்லுங்கள். காஜாங்கிலிருந்து நகருக்கு வந்துபோகும் நேரம் எவ்வளவு மிச்சமாகிறது என்பதையும் சேர்க்கலாம். மேலாளருக்கு வேண்டியது தளம் கைவிடப்படாது என்ற நம்பிக்கை.

பெண் பிள்ளைகளுக்கு இந்தத் துறை ஒத்துவருமா? சைட்டெல்லாம் போக வேண்டியிருக்குமே?

ஒத்துவரும். அவளால் முடியுமா என்பதைவிட, தளம் அவளுக்குத் தயாராக இருக்கிறதா என்றுதான் கேட்க வேண்டும். பூட்டக்கூடிய தனிக் கழிப்பறை, அளவான பாதுகாப்புக் காலணியும் கையுறையும், இரவு வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போக வண்டி ஆகிய மூன்றையும் நேர்முகத்திலேயே கேளுங்கள். பெரிதாகத் தொளதொளக்கும் கையுறையோடு சுவிட்ச்போர்டில் வேலை செய்வது ஆபத்து. இது சலுகை கேட்பது ஆகாது. மகப்பேறு விடுப்பு 2023 முதல் 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. கர்ப்பிணி என்பதற்காக வேலையை விட்டு நீக்குவதையும் சட்டம் தடுக்கிறது.

நல்லெண்ணத்தோடு செய்யப்படும் ஓர் அநீதியையும் சொல்ல வேண்டும். 'பெண்தானே, அலுவலகத்திலேயே இருக்கட்டும்' என்று வரைபட மேசையிலேயே உட்கார வைத்துவிடுகிறார்கள். சில ஆண்டுகள் கழித்துத் தொழில்முறைப் பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது கள அனுபவம் குறைவாக நிற்கும். அதன் விளைவை, தொழில்முறைப் பொறியியலாளரின் பெயருக்கு முன் வரும் 'ஐ.ஆர்.' பட்டத்தைப் பற்றிய கேள்வியில் பாருங்கள். வெயில் பார்த்து மகளுக்காக வருந்தும் பெற்றோர் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

குழந்தை பிறந்தால் அப்பாவுக்கு எத்தனை நாள்?

தொடர்ந்து ஏழு நாள், சம்பளத்தோடு. திருமணமானவராக, அதே முதலாளியிடம் குறைந்தது 12 மாதம் வேலை செய்தவராக இருக்க வேண்டும். பிரசவத்துக்கு முப்பது நாட்களுக்கு முன் தெரிவிக்க வேண்டும். ஐந்து பிரசவங்கள் வரை பொருந்தும். கட்டடம் ஒப்படைக்கும் மாதத்தில் பிரசவ நாள் விழுந்தால் முப்பது நாள் போதாது. மூன்று நான்கு மாதம் முன்பே சொல்லி, பதிலாள் யார் என்று முடிவு செய்துவிடுங்கள்.

ஐ.ஆர். ஆனால் வாழ்க்கை எளிதாகுமா? எத்தனை வருடம் ஆகும்?

மலேசியாவில் பொறியியலாளராகத் தொழில் செய்ய, 1967ஆம் ஆண்டின் பொறியியலாளர் பதிவுச் சட்டப்படி மலேசியப் பொறியியலாளர் வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பட்டத்தோடு முதலில் பட்டதாரிப் பொறியியலாளராகப் பதிகிறோம். மலேசியா 2009இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் சேர்ந்ததால், இங்கே அங்கீகாரம் பெற்ற பட்டத்தைப் பல நாடுகள் மதிக்கின்றன. குறைந்தது மூன்றாண்டு அனுபவத்துக்குப் பிறகு தேர்வும் நேர்முகமும் தாண்டினால் தொழில்முறைப் பொறியியலாளர் ஆகலாம். அந்த அனுபவத்தில் வரைவு, களம் இரண்டும் இருக்க வேண்டும். 2015ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு, அதற்கு மேலும் தொழில் நடத்தும் சான்றிதழ் உள்ளவரே அதிகாரிகளுக்கு வரைபடத்தில் கையெழுத்திட்டுச் சமர்ப்பிக்க முடியும்.

எளிதாகுமா என்றால், நேரத்தைப் பேசி வாங்கும் பலம் வரும். கையெழுத்திடத் தகுதியுள்ளவர் வாரத்தில் மூன்று நாள் மட்டும் வருவேன் என்று சொன்னாலும் நிறுவனம் யோசிக்கும். சொந்த ஆலோசனை நடத்தலாம். ஆனால் கையெழுத்தோடு பொறுப்பும் உங்கள் தலையில் வரும். பார்க்காத தளத்துக்கு, சரிபார்க்காத வரைபடத்துக்கு ஒருநாளும் கையெழுத்திடாதீர்கள். நேரம் மிச்சமாகும் என்று அப்படிச் செய்பவர்கள் தங்கள் பதிவையே பணயம் வைக்கிறார்கள்.

எனக்கு டிகிரி இல்லை. வயர்மேன், சார்ஜ்மேன் வழியில் போனால் வாழ்க்கை கடினமா?

பல நேரங்களில் அதுதான் சீரான வாழ்க்கை. எரிசக்தி ஆணையம் வழங்கும் தகுதிச் சான்றிதழ்களில் வயர்மேன் ஒற்றை ஃபேஸ், மூன்று ஃபேஸ் என்றும், சார்ஜ்மேன் மின்னழுத்த அளவுப்படியும் பிரிக்கப்பட்டிருக்கிறார்கள். ஏ வகை குறைந்த மின்னழுத்தம். பி வகை உயர் மின்னழுத்தத்துக்குப் போகிறது. மருத்துவமனை, பேரங்காடி, ஆலை போன்ற இடங்களில் சார்ஜ்மேன் முறை வைத்து வேலை செய்கிறார். அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி பகலா இரவா என்று இன்றே தெரியும். பதிவேட்டில் எழுதி ஒப்படைத்துவிட்டு வெளியேறினால் வேலை அதோடு முடிந்தது. பொறியியலாளருக்கு அந்தக் கொடுப்பினை குறைவு.

செந்தூலிலும் பட்டர்வொர்த்திலும் நம் இளைஞர்கள் பலர், எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வு முடித்துத் தொழில் பயிற்சிக் கழகம் போய்ச் சார்ஜ்மேன் ஆகிக் குடும்பத்தை நன்றாக நடத்துகிறார்கள். படிப்பில் தோற்றவர்கள் போகும் வழி என்று இதைச் சொல்பவர்களோடு எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. இரவு முறை உடம்பைப் பாதிக்கும் என்பது உண்மை. அதனால் முறை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாறுகிறது, இரவு முறைக்குப் பின் எத்தனை நாள் ஓய்வு என்று கேட்டுச் சேருங்கள்.

இரவு முழுவதும் சுவிட்ச் ரூமில் நின்றுவிட்டு, காலை ஒன்பது மணிக் கூட்டத்துக்கும் வரச் சொல்கிறார்கள். வரலாமா?

வரக் கூடாது. இது குடும்ப நேரத்துக்கு முன்பாக உயிரைப் பற்றிய கேள்வி. மின்சாரத்தை நிறுத்தும் வேலையில் ஒரு வரிசை உண்டு: துண்டிப்பது, பூட்டுவது, அட்டை மாட்டுவது, மின்சாரம் இல்லை என்று கருவியால் உறுதி செய்வது, தற்காலிக எர்த் மாட்டுவது. அதன் பிறகே கை வைக்கிறோம். முடிந்ததும் அதே வரிசை தலைகீழாகத் திரும்ப வேண்டும். துண்டிக்கும்போது மணி பதினொன்று. எல்லோரும் விழிப்பாக இருக்கிறார்கள். திரும்ப இணைக்கும்போது மணி நான்கு, ஐந்து. கண் செருகும் வேளை. மாட்டிய எர்த்தை எடுக்க மறந்து பிரேக்கரை மூடினால் நேரடிக் குறுக்குச்சுற்று. 11 கிலோவோல்ட்டில் அதனால் எழும் தீப்பிழம்புக்கு முன்னால் நிற்பவர் பிழைப்பது அரிது.

அதனால்தான் நேரக் கட்டுப்பாட்டை வேலைத் திட்ட ஆவணத்துக்குள்ளேயே எழுத வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். இரவு வேலைக்கு வருபவர் அன்று பகலில் வேலை செய்யக் கூடாது. மறுநாள் அவருக்கு ஓய்வு. எர்த் எத்தனை மாட்டினோம், எத்தனை எடுத்தோம் என்று இரண்டாம் ஆள் எண்ணிக் கையெழுத்திட வேண்டும். இப்படி எழுதிவிட்டால் அது உங்கள் சொந்தக் கோரிக்கையாக நிற்காமல் பாதுகாப்பு விதியாகிவிடும்; பாதுகாப்பு அதிகாரியும் உங்கள் பக்கம் நிற்பார். முழு இரவு விழித்தவர் பினாங்குப் பாலத்தில் தானே கார் ஓட்டிக்கொண்டு வீடு திரும்புவதையும் அந்த ஆவணம் தடுக்க வேண்டும். வண்டிக்கு நிறுவனம் பணம் தரட்டும்.

என் கணவரின் தொலைபேசி ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வதில்லை. எல்லாமே அவசரமாம். உண்மையா?

எல்லாமே அவசரம் இல்லை. லிஃப்டில் ஆள் சிக்கியது, தீயணைப்பு பம்ப் இயங்காதது, துணைமின் நிலையத்துக்குள் வெள்ளம் ஏறுவது, மருத்துவமனையின் அவசர மின்சாரம் நின்றது எல்லாம் அவசரம். நடைபாதை விளக்கு மினுக்குவது திங்கட்கிழமை வரை பொறுக்கும். பட்டியல் இல்லாதபோது காவலர் எல்லாவற்றுக்கும் பொறியியலாளரை அழைப்பார். அவரையும் குறை சொல்ல முடியாது.

கணவரிடம் ஒரு பக்கத்தில் பட்டியல் எழுதச் சொல்லுங்கள். எதற்கு உடனே அழைப்பது, எதற்கு முறை வேலையில் உள்ள சார்ஜ்மேனை முதலில் அழைப்பது, எதைப் பதிவேட்டில் மட்டும் குறிப்பது என்று பிரித்து, மலாயிலும் காவலர்களுக்குப் புரியும் மொழியிலும் எழுதிக் காவலர் மேசையில் ஒட்டட்டும். அழைப்புப் பொறுப்பு வாரம் ஒருவர் என்று சுற்ற வேண்டும். அந்த வாரத்துக்குப் படியும் வேண்டும். ஒரே ஆள்தான் இருக்கிறார் என்று நிர்வாகம் சொன்னால், இன்னோர் ஆளை அவர்கள் எடுக்க வேண்டும்.

தரவு மையத்தில் சம்பளம் அதிகமாமே? அங்கே போய்விடலாமா?

சைபர்ஜெயாவிலும் ஜொகூரிலும் தரவு மையங்கள் வேகமாக எழுகின்றன. நல்ல மின் ஆட்களுக்குப் பஞ்சம். அங்கே எதையும் ஒழுங்காக எழுதி வைக்கிறார்கள். எந்த இயக்கத்துக்கும் படிப்படியான ஆவணம் உண்டு. முறை வேலையும் தெளிவாக இருக்கும். ஒழுங்கை விரும்புபவருக்கு அது நிம்மதி. ஆனால் முக்கிய மாற்றங்கள் நடு இரவில்தான் நடக்கும். ஒரு நொடித் தடைக்குக்கூட இடமில்லை என்ற அழுத்தம் எப்போதும் இருக்கும்.

குடும்பம் கிள்ளானில், வேலை ஜொகூரில் என்றால் கூடுதல் சம்பளத்தில் ஒரு பகுதி வாடகைக்கும் பெட்ரோலுக்கும் போகும். வாரக் கடைசியில் பல மணி நேரம் நெடுஞ்சாலையில் கழியும். திருமணத்துக்கு முன் சில ஆண்டுகள் போய்க் கற்றுக்கொண்டு வருவதை ஆதரிக்கிறேன். பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ளவர், அவர்களோடு உட்கார்ந்து பேசி முடிவு எடுக்கட்டும்.

நாற்பதைத் தாண்டிவிட்டேன். முழங்கால் படி ஏற மறுக்கிறது. இதே துறையில் பகல் வேலை உண்டா?

உண்டு, முன்பைவிட அதிகமாக. 2024ஆம் ஆண்டின் எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் 1.1.2025 முதல் தீபகற்பத்தில் நடப்பில் இருக்கிறது. ஆண்டுக்கு 21,600 கிகாஜூல் அல்லது அதற்கு மேல் எரிசக்தி பயன்படுத்துவோர், பதிவு பெற்ற எரிசக்தி மேலாளரை நியமிக்க வேண்டும். மின்சாரமாகப் பார்த்தால் அது 60 லட்சம் யூனிட். 8,000 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட அலுவலகக் கட்டடங்கள், எரிசக்திச் செறிவுத் தரமுத்திரை பெற வேண்டும். இந்த வேலையில் மீட்டரும் பில்லும் குளிரூட்டி இயங்கும் நேரமும்தான் கருவிகள். பெரும்பகுதி பகலில் முடிந்துவிடும். எந்த மோட்டார் எதற்காக ஓடுகிறது என்று பல ஆண்டு பார்த்த கண் உங்களுக்கு இருக்கிறது. அதைப் புதிய பட்டதாரி ஒரே ஆண்டில் பெற்றுவிட முடியாது. என்னிடம் கேட்கும் மூத்தவர்களுக்கு நான் முதலில் காட்டும் வழி இதுதான்.

கூரைச் சூரிய மின்சாரம், மின்வண்டி மின்னேற்றி வடிவமைப்பு, தொழில் பயிற்சிக் கழகத்தில் கற்பித்தல் ஆகியவையும் உண்டு. சூரிய மின்சாரம் என்றதும் அலுவலக வேலை என்று நினைக்காதீர்கள். கூரை ஏற முழங்கால் வேண்டும்.

பிள்ளைகளுக்காக நான்கு ஆண்டு வேலையை விட்டுவிட்டேன். திரும்ப எடுத்துக்கொள்வார்களா?

எடுத்துக்கொள்வார்கள். இடைவெளியில் வாரியப் பதிவு காலாவதியாகியிருந்தால் முதலில் அதைப் புதுப்பியுங்கள். வரைபட மென்பொருள் மாறியிருக்கும். ஒரு குறுகிய பயிற்சி போதும். ஓம் விதி மாறவில்லை. திரும்பி வரும் பெண்களுக்காக டேலண்ட்கார்ப் அமைப்பு ஒரு திட்டம் நடத்துகிறது. இரண்டாண்டும் அதற்கு மேலும் விலகியிருந்தவர்களுக்கான வருமான வரி விலக்கும் உண்டு. அதன் நடப்பு நிபந்தனைகளை விண்ணப்பிக்கும் முன் பாருங்கள்.

முதலில் வரைபடச் சரிபார்ப்பு, டெண்டர் ஒப்பீடு போன்ற வேலைகளைப் பகுதி நேரமாகக் கேளுங்கள். வீட்டிலிருந்து செய்யக்கூடியவை எவை என்று முன்பே பிரித்துக் காட்டியிருக்கிறேன். அந்தப் பட்டியல் உங்களுக்கு அப்படியே பொருந்தும்.

நேர்முகத் தேர்வில் நேரத்தைப் பற்றிக் கேட்டால் சோம்பேறி என்று நினைக்க மாட்டார்களா?

கேட்கும் விதத்தில் இருக்கிறது. 'இரவு வேலை உண்டா?' என்று கேட்டால் தயக்கம் போலத் தெரியும். 'சென்ற ஆண்டு எத்தனை முறை முழு மின்தடைப் பராமரிப்பு நடந்தது? அந்தக் குழுவில் எத்தனை பேர்? மறுநாள் ஓய்வு எப்படிக் கொடுக்கிறீர்கள்?' என்று கேட்டால் வேலை தெரிந்தவர் என்று நினைப்பார்கள். 'இந்த இடத்தில் முன்பு இருந்தவர் ஏன் போனார்?' என்றும் மரியாதையாகக் கேட்கலாம். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் இடத்தில் சேராதீர்கள்.

நெகிழ்வு நேரத்துக்கு விண்ணப்பித்தேன். மேலாளர் 'பார்க்கலாம்' என்று வாயால் சொல்லிவிட்டு மாதக் கணக்கில் ஒன்றும் செய்யவில்லை. இனி என்ன?

முதலில், நீங்கள் விண்ணப்பித்தது எழுத்திலா என்று பாருங்கள். காப்பிக் கடையில் கேட்டது கணக்கில் வராது. எழுத்தில் கொடுத்திருந்தால், கொடுத்த தேதியைக் குறிப்பிட்டு, 60 நாட்களுக்குள் எழுத்துப் பதில் தர வேண்டும் என்பதைப் பணிவாக நினைவூட்டி, மனிதவளப் பிரிவுக்கும் நகல் வைத்து ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பெரும்பாலும் அதிலேயே பதில் வந்துவிடும். 60 நாள் கடந்தும் பதில் இல்லையென்றால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம்.

காரணத்தோடு மறுத்திருந்தால் அந்தக் காரணத்தைக் கவனமாகப் படியுங்கள். 'தளத்தில் ஆள் போதாது' என்று எழுதியிருந்தால், கட்டடம் ஒப்படைக்கப்பட்ட பிறகு அந்தக் காரணம் நிற்காது. ஒப்படைத்த மறுமாதமே புதிய விண்ணப்பம் கொடுங்கள். 'இந்த வேலையை வீட்டிலிருந்து செய்ய முடியாது' என்று எழுதியிருந்தால், எந்தெந்த வேலை என்று கேட்டு, செய்ய முடிந்தவற்றுக்கு மட்டும் வாரத்தில் ஒரு நாள் என்று மூன்று மாதச் சோதனைக்குக் கேளுங்கள்.